பிளஸ் டூ முடித்த மகன் டிப்ளமோ கேட்கிறான், அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். மொத்தம் 600க்கு 398. கணக்கில் 61, இயற்பியலில் 66, வேதியியலில் 72. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. போன வாரம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் சார்பில் ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் படிப்பில் மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறது, வருடம் 85,000, பஸ்ஸுக்கு 25,000, ஞாயிற்றுக்கிழமைக்குள் 10,000 அட்வான்ஸும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் சீட்டை எடுத்து வைக்கிறேன் என்கிறார். இந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது என்றும் சொல்கிறார். வீட்டம்மா நகையை அடகு வைத்தாவது சேர்க்க வேண்டும் என்கிறாள். பையனோ டிப்ளமோ எலக்ட்ரிக்கல் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். லீவு நாட்களில் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியனோடு வேலைக்குப் போய் வருவான், அந்தப் பழக்கம். பிளஸ் டூ படித்துவிட்டு டிப்ளமோ போவது பின்னால் போவது மாதிரி இல்லையா? எதுவும் சரிப்படாவிட்டால் கம்பெனியிலேயே சேர்த்துவிடலாமா என்றும் யோசனை வருகிறது. நல்ல வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். முதலில் ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். அந்த நபருக்குப் பணமும் கொடுக்க வேண்டாம், சான்றிதழும் கொடுக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வெளியே போய்விட்டால், அப்புறம் வேறு இடம் கிடைத்தாலும் அதைத் திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டிவரும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு வாரம் நடக்க உங்களால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே சொல்லியாகிவிட்டது. பொறியியல் கல்லூரிகளை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் அதையேதான் சொல்கிறது. அப்படியிருக்க, கல்லூரி ஊழியரா கமிஷன் ஏஜென்டா என்றே தெரியாத ஒருவர் கையில் அதை ஏன் கொடுக்க வேண்டும்? கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1,10,000, நான்கு வருடத்துக்கு 4,40,000. தேர்வுக் கட்டணம், புத்தகம், அது இது என்று தனி. இதற்குத்தான் நகையை வைக்கப் போகிறீர்கள்.

அவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீதம் இடம் தனியாக ஒதுக்கி 2021இல் தமிழக அரசு சட்டம் போட்டது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அதே 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். உங்கள் மகன் பொதுத் தரவரிசையிலும் இருப்பான், இந்த 7.5 சதவீதத்துக்கான தனித் தரவரிசையிலும் இருப்பான். இலவசமாகக் கிடைக்க வாய்ப்புள்ள படிப்பை நாலரை லட்சத்துக்கு விற்க ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார் என்றால், அவருடைய அவசரம் ஏன் என்று புரிந்திருக்கும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு நீங்களே தெரிந்துகொள்வீர்கள், அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"இந்த மார்க்குக்கு ஒன்றும் கிடைக்காது" என்பதும் சரியில்லை. பொறியியல் கட்-ஆஃப் 200க்குப் போடுவார்கள். கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. உங்கள் மகனுக்கு 61ம் 33ம் 36ம் சேர்ந்து 130. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிற எண் இது கிடையாது, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் வருடா வருடம் கலந்தாய்வு முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. 130க்கு ஒரு இடம் கிடைக்கும். எந்தக் கல்லூரியில் என்பதுதான் பார்க்க வேண்டியது.

விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போடலாம். தடுமாற்றமாக இருந்தால் மாவட்டந்தோறும் இருக்கும் சேர்க்கை சேவை மையத்துக்குப் போனால் அவர்களே பதிவு செய்து கொடுப்பார்கள். பதிவு செய்யும்போது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பள்ளிகளின் விவரம் ஒரு எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும், 7.5 சதவீதம் அதை வைத்துத்தான். அடுத்து விருப்பப் பட்டியல். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசை மட்டும்தான் முக்கியம். எது ரொம்பப் பிடித்திருக்கிறதோ அது மேலே. கிடைக்காது என்று தோன்றினாலும் மேலேயே இருக்கட்டும், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. போகவே விருப்பமில்லாத கல்லூரியைக் கணக்குக்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதுதான் வந்து விழும்.

கல்லூரியை எப்படி எடை போடுவது என்று கேட்பீர்கள். கட்டடத்தையும் பேருந்து எண்ணிக்கையையும் விடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தைக் கல்லூரி வாரியாகத் தன் இணையதளத்தில் போடுகிறது. அதைப் பார்த்தால் சில கல்லூரிகளில் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று தெரிந்து வயிறு கலங்கும். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. அங்கே படிக்கும் நம்மூர்ப் பையன் யாராவது இருந்தால் அவனிடம் கேளுங்கள்: எலக்ட்ரிக்கல் துறையில் போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், லேப் உண்மையிலேயே நடக்கிறதா, ரெக்கார்டு நோட்டு மட்டும் எழுத வைக்கிறார்களா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று காட்டப்பட்டிருந்தது. பல்கலைக்கழகமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆகவே வண்ண வண்ணக் கையேட்டில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை நம்பி எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கில் கெட்டியான பையனுக்கு, சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும் கல்லூரியில், அது நல்ல படிப்புதான். உங்கள் மகன் அதைக் கேட்கவில்லை. அந்த ஏஜென்ட்தான் கேட்கிறார்.

இனி டிப்ளமோ. பின்னால் போவதாக நினைக்கிறீர்கள். பத்தாவது முடித்துப் போகிறவர்களுக்குத்தான் டிப்ளமோ மூன்று வருடம். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவன் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். அரசு பாலிடெக்னிக்கில் ஒரு வருடக் கட்டணம் நீங்கள் சொன்ன பஸ் கட்டணத்தில் ஒரு சின்னப் பங்குதான் வரும். கோவையில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக், சி.ஐ.டி. சாண்ட்விச் பாலிடெக்னிக், பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக் எல்லாம் பல தலைமுறை டெக்னீஷியன்களை உருவாக்கியவை. இவற்றில் நேரடி இரண்டாம் ஆண்டு இடங்கள் குறைவு, எலக்ட்ரிக்கலுக்குப் போட்டியும் உண்டு. அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்துக்கு விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் அது உண்டு. பஸ் பாஸ், நோட்டுப் புத்தகச் செலவு அதில் ஓடிவிடும்.

டிப்ளமோவோடு கதவு மூடிவிடுவதும் இல்லை. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரத் தனிக் கலந்தாய்வு இருக்கிறது, காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் அதை நடத்துகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர பி.இ. படிக்கக் கோவையில் வழி இருக்கிறது. திருப்பூரிலிருந்து வேலை முடித்து ரயிலில் போய்ப் படித்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். சிரமம்தான், தூக்கத்தில் பாதி போய்விடும், ஆனால் நடக்கிற காரியம். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு ஆகியவற்றுக்கும் டிப்ளமோவே தகுதி.

உங்கள் மகன் கேட்கும் துறையைப் பற்றி நீங்கள் கம்பெனியில் நின்றே யோசிக்கலாம். நிட்டிங் மெஷின், காம்பாக்டிங், ஸ்டென்டர் எதுவாக இருந்தாலும் உள்ளே மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், மெஷினை இயக்கும் சின்னக் கணினியான பி.எல்.சி. பலகை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தால்தான் திறக்க முடியும் என்று ஆனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்கள் இரவு பகலாக ஓடுவது பம்புகளாலும் கண்ட்ரோல் பேனல்களாலும்தான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள், கம்பெனிக் கூரைகளில் சோலார். மெஷின் நின்றுபோனால் முதலாளி யாரைத் தேடி ஆள் அனுப்புகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆளுக்குக் கையில் வேலையும் தெரிந்து, தாளில் சான்றிதழும் இருந்தால் அவன் மதிப்பு வேறு. இப்போது உங்கள் மகனிடம் முதலாவது கொஞ்சம் இருக்கிறது, இரண்டாவது இல்லை. கம்பெனியிலேயே சேர்த்துவிட்டால் அந்த இரண்டாவது வரவே வராது. ஆகவே அந்த யோசனையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சரி, நான் என்ன சொல்கிறேன்? இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பொறியியல் பட்டியலில் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் படிப்பை மட்டும், தேர்ச்சி சதவீதம் தாங்கக்கூடிய கல்லூரிகளில் மட்டும் போடட்டும். ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளை மேலே வையுங்கள். 7.5 சதவீதத்தில் அப்படி ஒரு இடம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், நான்கு வருடம் கட்டணக் கவலை இல்லாமல் பி.இ. ஆகிவிடும். முதலாம் ஆண்டில் சேரும்போது கையில் இருக்கும் சலுகை இது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை. இதைப் பையனுக்கும் விளக்கிச் சொல்லுங்கள், அவனுக்கு இது தெரியாமலே டிப்ளமோ என்று பிடிவாதம் பிடிக்கலாம். அப்படி நல்ல இடம் வரவில்லை, தேர்ச்சி மிகக் குறைந்த ஏதோ ஒரு கல்லூரிதான் வருகிறது என்றால், கட்டணம் இலவசம் என்பதற்காகப் போக வேண்டாம். டிப்ளமோவுக்கு அனுப்புங்கள். இலவசமாகப் போய் நான்கு வருடம் கழித்து பதினைந்து அரியரோடு, அதாவது தேறாமல் நிற்கும் பதினைந்து பாடங்களோடு, திரும்பி வருவதைவிட, இரண்டு வருடத்தில் முழுசாக முடித்த டிப்ளமோ எவ்வளவோ மேல்.

அரியர் என்று சொன்னேன். உங்களுக்கு நான் எழுத நினைத்ததே இதைத்தான். வீட்டில் முதல் ஆளாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற பெற்றோர், சேர்க்கிற வரைக்கும் உயிரைக் கொடுத்து அலைகிறார்கள். சேர்த்த மறுநாளிலிருந்து, அவன் படித்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ் வழிப் பையன் கவிழ்வது சேர்க்கையில் இல்லை, முதல் ஆறு மாதத்தில். அதுவரை தமிழில் படித்த கணக்கும் இயற்பியலும் திடீரென்று ஆங்கிலத்தில் ஓடும். ஆசிரியர் பலகையில் எழுதுவது புரியும், அவர் சொல்வது புரியாது. சந்தேகம் கேட்க எழுந்தால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானோ என்று வாயை மூடிக்கொள்வான். முதல் செமஸ்டர் கணக்கு போகும். அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு பழைய கணக்கும் சேரும், இரண்டும் போகும். அதற்குள் வகுப்புக்குப் போகவே மனம் வராது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தேர்வெழுத விடமாட்டார்கள். கடைசி வருடம் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பல, அரியர் இருப்பவரை நேர்காணல் அறைக்குள்ளேயே விடுவதில்லை. பையன் திறமை இல்லாதவன் என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் அரியர் விழுந்தபோது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகன் கணக்கில் 61. இது எச்சரிக்கை மணி, பயப்பட வேண்டியதில்லை. கல்லூரி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் அணிகள், வகையிடல், தொகையிடல் மூன்றையும் மறுபடி போடட்டும். பி.இ. முதல் செமஸ்டர் கணக்கு பெரும்பாலும் இதன்மேல்தான் எழும்புகிறது. அதே பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வகையிடலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள், மின்தடைக்கு என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு மாதத்தில் பழகிவிடும். பேச்சு ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது உடனே பயன்படும். டிப்ளமோ போனாலும் இந்தப் பயிற்சி வீணாகாது. நேராக இரண்டாம் ஆண்டில் உட்காருகிறவனுக்கு முதலாம் ஆண்டு பட்டறைப் பயிற்சியும் வரைபடமும் இருக்காது, கூடப் படிப்பவர்களிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பின்னால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போனால், கணக்கைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும் நேரத்தில் மூன்றாம் செமஸ்டர் கணக்கு எதிரே வந்து நிற்கும். டிப்ளமோ மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அது. ஆகவே கணக்கோடு உறவை முறித்துக்கொள்ள முடியாது என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா வகுப்புக்கும் ஒரு வகுப்பு ஆலோசகர் இருப்பார், அவர் தொலைபேசி எண்ணைச் சேர்ந்த வாரமே வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை பேசினால் போதும். எனக்குத் தெரிந்தவரை, அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர் தாங்களாகப் போன் செய்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். செமஸ்டர் முடிவு வரும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். முடிவைக் காட்டு என்று கேளுங்கள், திட்டுவதற்காகக் கேட்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் மறைப்பான், மறைத்தால் அடுத்த செமஸ்டரிலும் போகும்.

வீட்டம்மாவிடம் நகையைப் பற்றிப் பேசும்போது, டிப்ளமோவா இன்ஜினியரிங்கா என்று விவாதத்தைத் தொடங்காமல், 7.5 சதவீத விஷயத்திலிருந்து தொடங்குங்கள். கேட்ட மாத்திரத்தில் பாதிக் கவலை போய்விடும். சொந்தக்காரர்கள் கேட்டால், விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தால் தாமதமாகும், உங்கள் ஷிப்ட் நேரத்தோடு ஒத்தும் வராது. சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எழுத்தும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பையனின் மின்னஞ்சலில் ஒரு பிரதி வைக்கட்டும். விண்ணப்பத்தில் பையனின் கைபேசி எண்ணையே கொடுங்கள், சேவை மையக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓ.டி.பி.க்காக அவர் பின்னால் ஓட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்த நபர் வந்தால், கலந்தாய்வில் பதிவு செய்துவிட்டோம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுங்கள். விண்ணப்பித்த பிறகு ஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரி வந்தது என்று எனக்கு எழுதுங்கள், உறுதிசெய்யக் கொடுக்கும் கெடு சில நாட்கள்தான், அதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.